படத்தில் முதுகு காட்டி நிற்பவன்

அம்மா அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

தலைவர் போர்முனையில் வீரர்களோடு நிற்கும் படத்துக்குக் கீழே, நாற்பதாயிரம் வாழ்த்துகளுக்கு நடுவில், அவளுடைய கமென்ட் இருந்தது.

"ஐயா, நீங்க தோளில் கை போட்டிருக்கிற பையன் முகம் தெரியலை. ஆனா இடது தோள் கொஞ்சம் இறங்கின அந்த முதுகு என் மூத்த மகனோடது. மூணு மாசமா ஒரு தகவலும் இல்லை. உயிரோடதான் இருக்கானா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

முதுகு அவனுடையதுதான். போர்முனைதான் பொய். போன வாரம் இதே கட்டடத்தின் பின்பக்கம், கார் நிறுத்தும் இடத்தில் மணல்மூட்டைகளை அடுக்கி வைத்து எடுத்த படம் அது. மூட்டைகளைச் சுமந்ததும் அவன், சட்டையில் சேற்றைப் பூசிக்கொண்டு நின்றதும் அவன். தலைவர் வந்தார், கை போட்டார், ஏழாவது நிமிடம் கிளம்பிவிட்டார். அவருடைய சென்ட் வாசனை மட்டும் சாயங்காலம்வரை தோளைவிட்டுப் போகவில்லை.

பட்டாளத்துக்கு என்றுதான் வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். நாலு வரி நன்றாக எழுதுவான் என்று தெரிந்ததும் இந்த நிலவறைக்கு இறக்கிவிட்டார்கள். தலைவரின் பக்கத்துக்கு வரும் கமென்ட்களுக்குத் தலைவராகவே பதில் எழுத வேண்டும். யுத்தத்தில் அவன் பங்கு அவ்வளவுதான்.

பதினோரு நாற்காலி, பதினோரு தலைவர்கள். தலைவர் கண்ணே மூடுவதில்லை, எந்நேரமும் பதில் போடுகிறார் என்று ஊரெல்லாம் ஒரே பெருமை. ஷிப்ட் முறை என்று யாருக்குத் தெரியும்?

ஜன்னல் கிடையாது. செல்போனை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதினால் இப்படி ஓர் அறை இருப்பது வெளியே தெரிந்துவிடுமாம். வீட்டைப் பொறுத்தவரை அவன் எல்லையில் இருக்கிறான். அல்லது எங்கேயுமே இல்லை.

வேலைக்குச் சட்டதிட்டம் உண்டு. வாழ்த்துக்குக் கும்பிடு. திட்டினால் மௌனம். காணாமல்போன பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால் கமென்ட்டை மறைத்துவிட வேண்டும். மூன்றாம் தடவையும் கேட்டால் ஆளையே ப்ளாக் செய்துவிட வேண்டும்.

அம்மாவுடையதை ஏற்கனவே இரண்டு தடவை மறைத்திருந்தான். தன் கையாலேயே.

இது மூன்றாவது.

ப்ளாக் செய்துவிட்டால் அவள் இனி இந்தத் திரையில் வரவே மாட்டாள். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று தெரியாவிட்டாலும், எங்கோ உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதாவது தெரிந்தது. அதையும் இழக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பின்னால் மேற்பார்வையாளர் வந்து நின்றார். அறையில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். அவர் படித்துத் தலையாட்டாமல் ஒரு புள்ளிகூட வெளியே போகாது.

அவன் மடமடவென்று தட்டினான்.

"தாயே, நீங்கள் சொன்னது சரி. உங்கள் மகனைக் கூடாரத்திலும் பார்த்தேன். காதைப் போர்வையால் இறுக்கி மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை. நலமாக இருக்கிறான்."

அஞ்சு வயதிலிருந்தே காதை மூடாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

கத்தரி இரண்டு தடவை படித்தார்.

"காது, போர்வை... இதையெல்லாம் எங்கேருந்துய்யா பிடிக்கிறே?"

"சும்மா கற்பனைதான் சார்."

அவர் தலையாட்டினார். அவன் போட்டான்.

மூன்று மாதத்தில் முதல்முறையாக மனசு லேசானது. அம்மா இன்றைக்காவது தூங்குவாள். போர்வையை நினைத்துச் சிரித்தாலும் சிரிப்பாள். அவனுக்கு அழுகை வந்தது. கொட்டாவி விடுவதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பத்து நிமிடத்தில் ஒரு லட்சம் லைக். பெற்ற தகப்பன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராத தலைவரை நினைத்து ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மேலிடத்திலிருந்து போன் வந்ததும் கத்தரிக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அம்மாவின் பதில் வந்தது.

"ஐயா, காது விஷயம் எங்க வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க நிஜமாவே என் பிள்ளை பக்கத்தில் நின்னிருக்கீங்க. இனி எனக்குப் பயமில்லை. பயந்துபோய் இவன் தம்பியை வீட்டுக்குள்ளேயே ஒளிச்சு வச்சிருந்தேன். மன்னிச்சுடுங்க. இப்பத்தான் கதவைத் திறந்துவிட்டேன். பட்டாளத்துக்குப் பேர் கொடுக்கக் கிளம்பிட்டான். அவனையும் பார்த்துக்கோங்க."

அவன் மறுபடி படித்தான். எழுத்துகள் மாறவில்லை.

தம்பிக்குப் பதினெட்டு முடிந்து நாற்பது நாள்தான் ஆகிறது. அவனுக்கு நாலு வரி ஒழுங்காக எழுத வராது. அவனை எந்த நிலவறைக்கும் இறக்க மாட்டார்கள். நேரே எல்லைக்குத்தான் அனுப்புவார்கள்.

"அடடா!" கத்தரி அவன் தோளைத் தட்டினார். "இதை மேலேயே பின் பண்ணி வை. ஊர்ல இருக்கிற அம்மாமார் எல்லாரும் படிக்கட்டும். பதில் ஒண்ணு போடுய்யா, சூட்டோட சூடா."

'வேண்டாம்' என்பதுவரை தட்டினான்.

கத்தரியின் மூச்சு பின்கழுத்தில் பட்டது. அழித்தான்.

"தைரியமாக அனுப்புங்கள் தாயே, நான் இருக்கிறேன்" என்று தலைவர் எழுதினார்.

ஒரு நிமிடத்துக்குள் அம்மா அதற்கு ஒரு இதயம் போட்டாள்.