வலி போன கால்

"கால் வலி குறைஞ்சிருக்குதுங்களா?" என்று டாக்டர் பிரவீனா கேட்டாள்.

"சுத்தமாப் போயிருச்சுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திப்போடாதீங்க," என்றார் செங்கோடன்.

யூரிக் ஆசிட் மூட்டுவலிக்கு ஒரு செடியிலிருந்து எடுத்த புது மாத்திரையைச் சேலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்து அதில் சேர்ந்திருந்தார் அவர்.

"சோதனையையே நிறுத்திட்டோமுங்க. சாப்பிட்டவங்க பல பேருக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா உங்க ரத்தத்துல யூரிக் ஆசிட் கொஞ்சம்கூடக் குறையலையே, வலி மட்டும் எப்படிப் போச்சு?"

செங்கோடன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் போகலீங்க. என்ற ஊட்டுக்காரி உண்ணாமலைக்குத்தான் போச்சு. அவளுக்கும் இதே வலிதானுங்க. சர்க்கரை இருக்குதுன்னு நீங்க அவளைச் சேர்த்துக்கலை. அதனால என்ற மாத்திரையை அவளுக்குக் குடுத்து, அவ சொன்னதை இங்க வந்து சொன்னேன்."

பிரவீனா பதறி எழுந்தாள். "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"மூஞ்சி வீங்கிப் படுத்துக் கெடக்குறாளுங்க. வீக்கத்துக்கு மாத்திரை பத்தலையாட்ட இருக்குதுன்னு, காலையில நாந்தான் ரெண்டாக் குடுத்துட்டு வந்தேன்."