எத்தனை பேர்?

காலையில் அவள் அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவன் நாற்காலியில் சாய்ந்து, விசா அதிகாரியைப் போல் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டான். ஒரு மாதமாக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

"ஹவ் மெனி பேக்ஸ்?"

"த்ரீ பேக்."

"பேக்ஸ். ஒண்ணுக்கு மேல போனா எஸ் போடுன்னு தலையில அடிச்சுச் சொல்லியாச்சு. செவிடன் காதுல ஊதின சங்கு. ஹவ் மெனி பாஸ்போர்ட்ஸ்?"

"டூ பாஸ்போர்ட்."

"உன் வாயாலதான் என் விசா போகப்போகுது. நாக்கு எதுக்கு இருக்கு, திங்க மட்டும்தானா?"

"நீங்க கத்தினா வர்றதும் வரமாட்டேங்குதுங்க."

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

அவள் சட்டையை நீட்டினாள்.

விசா அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேள்விகள் எல்லாம் அவளுக்குத்தான். வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது அவளுக்கு. அவன், அவளோடு ஒட்டிக்கொண்டு போகிற கணவன்.

எத்தனை வருட அனுபவம் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"சிக்ஸ் இயர்ஸ். த்ரீ ஹாஸ்பிடல்ஸ்."

பிசிறே இல்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் வீட்டில் மட்டும் என்ன கேடு?

"ஹவ் மெனி பீப்பிள் ஆர் ட்ராவலிங்?"

அவன் அவளை முழங்கையால் இடித்தான். "டூன்னு சொல்லித் தொலை."

"ஜஸ்ட் மீ," என்றாள் அவள். அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஏய், என்னடி சொல்ற?"

"தள்ளி நில்லு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."