வல்லாரை குடித்த எலிகள்

வல்லாரைச் சாறு குடித்த எலிகள் புதிர்ப்பாதையின் வாசலைவிட்டு அசையவே இல்லை. வெறும் தண்ணீர் குடித்தவையோ மறுகோடிக்குத் துள்ளி ஓடின.

ஆய்வு மாணவிக்கு அழுகை முட்டியது. "போச்சுடி! ஞாபகசக்தி வளரும்னு மூலிகையைக் கொடுத்தா, இதுங்க வழியையே மறந்துடுச்சு. என் பட்டம் அம்போதான்!"

பக்கத்து மேஜைத் தோழி எட்டிப் பார்த்தாள். "நேத்து ஓடிச்சா?"

"எல்லாமே ஓடிச்சே!"

"அந்தக் கோடிக்குப் போனதும் என்ன பண்ணினே?"

"ஒவ்வொண்ணுக்கும் வால்ல ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன்."

சொன்ன கையோடு அவளுக்கே உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தேகம் தீர ஊசியை எடுத்துக் காட்டினாள்.

வாசலில் இருந்த எலிகள் அத்தனையும் வாலைச் சுருட்டி அடியில் போட்டு, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டன.