பெரியவளுக்கு என்னவாம்

மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, இன்ஜின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, "சாவியைத் திருப்புங்கக்கா" என்றார்.

அவள் திருப்பினாள். இன்ஜின் முக்கி முனகியது. பொறி வரவில்லை.

வராது. பத்து நாளைக்கு முன்னால் அதை வராமல் செய்தவளே அவள்தான்.

கார் அவளைவிட மூன்று வயது மூத்தது. அதனால் அப்பாவுக்கு அது பெரியவள், இவள் சின்னவள். பஸ் டிப்போ பட்டறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிய மனிதர். பெரியவளின் பானெட்டை இதுவரை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

போன மாதம் இடது பக்கமாக வந்த சைக்கிள்காரரை அப்பா பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள் போட்ட கூச்சலில் அந்த ஆள் பிழைத்தார்.

கண் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அப்பா எகிறிக் குதித்தார். என் கண்ணுக்கு என்ன கேடு? அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் தினம் காலையில் ஷெட்டில் பெரியவள் உறுமினாள். பத்து நிமிடம் உறுமிவிட்டு அடங்குவாள். கேட்டைத் தாண்டவில்லைதான். என்றைக்குத் தாண்டுவாளோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றோடொன்று தொட்டுத் தொட்டு விலகிப் பொறியைக் கிளப்பும் இரண்டு சின்னப் பாயிண்ட்களிலும் நிறமில்லாத நகப்பாலிஷைப் பூசினாள். பூசியது கண்ணுக்குத் தெரியாது, கரண்ட் மட்டும் தாண்டாது. அந்த பானெட்டுக்குள் டார்ச் பிடித்தே வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்பது நாள் அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கிடந்தார். பிளக்கைத் துடைத்தார். காயிலை மாற்றினார். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நேற்று, "எனக்கே பிடிபடலம்மா" என்றார்.

அதுதான் அவளைக் கொன்றது. கார் ஓட்டாத அப்பாவை அவளால் பார்க்க முடியும். தன் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்க முடியவில்லை.

செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் கண்டுபிடிக்கட்டும், துடைத்து எறியட்டும், பெரியவள் உறுமட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஆளெல்லாம் எதுக்கும்மா? தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எந்த மெஷினும் தானாகச் சரியாகும் என்று வாழ்நாளில் நம்பாத மனிதர். மனம் விட்டுப்போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

"காயிலுக்குக் கரண்ட் வருது. பாயிண்ட்லதான் ஏதோ" என்றபடி மெக்கானிக் மூடியின் கிளிப்பை நெம்பினார். அவள் தன் விரல் நகங்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"பாயிண்ட் பளிச்சுனு இருக்கேக்கா."

எட்டிப் பார்த்தாள். பாலிஷ் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மெல்லிய கோடுகள், புதிதாக.

இரண்டு பாயிண்ட்களுக்கும் நடுவில் மடித்துச் செருகிய ஒரு துண்டுத் தாள் இருந்தது. மெக்கானிக் அதைக் குறடால் பிடுங்கி, "யாரோ வேணும்னே வச்சிருக்காங்க" என்று அவளிடம் நீட்டினார்.

பிரித்தாள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து கிழித்த ஒரு மூலை. 'இடது கண்' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பார்வை வட்டத்தின் ஓரம், தெரியாத இடம் என்று முழுக்கக் கறுப்பாக. பக்கத்தில் ஒரு தேதி.

சைக்கிள்காரர் பிழைத்ததற்கு மறுநாள்.

யாரிடமும் சொல்லாமல் அப்பா தனியாகப் போய் வந்திருக்கிறார். அதனால்தான் கார் கேட்டைத் தாண்டவில்லை. காலையில் பத்து நிமிடம் அதன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் குரலைத்தான் அவள் போய் அடைத்திருக்கிறாள்.

அடைத்தது யார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டில் நகப்பாலிஷ் பூசுகிறவள் ஒருத்திதான். சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னால் சொல்ல முடியாததை மடித்து வைத்திருக்கிறார். பிறகு ஒன்பது நாள் தேடுகிற மாதிரி நடித்திருக்கிறார். பழி தன் கண்ணுக்கும் வேண்டாம், மகளுக்கும் வேண்டாம், காரின் தலையில் விழட்டும் என்று.

அவள் கூனிக் குறுகி நின்றாள். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், அவர் மூடி வைத்தது திறந்துவிடும். இனி எந்தக் காலத்திலும் கேட்க முடியாது.

"இப்ப அடிச்சா ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடும்" என்றார் மெக்கானிக்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"என்ன சின்னவளே, பெரியவளுக்கு என்னவாம்?"

எப்போதும் போலக் கிண்டல்தான். ஆனால் அடியில் ஒரு நடுக்கம். நேற்று வரை அதை ஏக்கம் என்று நினைத்திருப்பாள். அது, மூடி வைத்தது வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து மெக்கானிக்கின் கையில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். இருந்த இடத்திலேயே அதைச் செருகி மூடியைப் பூட்டினார்.

"இவருக்கும் பிடிபடலப்பா."

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான் சொன்னேனே" என்றார் அப்பா, பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்து. "கைகழுவிட்டு உள்ள வா. பசிக்குது."