ஒன்றரை ஆம்பியர்

கைப்பேசியில் எண் இரண்டைத் தாண்டி நிற்பதைப் பார்த்ததும், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

பகலில் அவன் வீடு ஓர் ஆம்பியரைக்கூடத் தொடாது. ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், எல்லாம் சேர்த்தாலும் 0.8. இப்போது 2.3.

ஒன்றரை ஆம்பியர் அதிகம்.

ஆலையில் அவனுக்கு ‘ஓம்’ என்று பட்டப்பெயர். பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்த மோட்டாரைக் காட்டினாலும் வோல்டை ஆம்பியரால் வகுத்து ஓம் சொல்வான், பெருக்கி வாட் சொல்வான். காகிதம் பேனாவெல்லாம் மற்ற சூப்பர்வைசர்களுக்கு.

வீட்டு மெயின் போர்டில் மின்சாரத்தை அளந்து சொல்லும் கருவியை மாட்டியதும் அவன்தான். கரண்ட் பில் குறையும் என்று மனைவியிடம் சொன்னான். வோல்ட் எத்தனை, ஆம்பியர் எத்தனை என்று நொடிக்கு நொடி கைப்பேசிக்கு வந்துவிடும். வேண்டுமென்றால் ஆலையில் இருந்தபடியே வீட்டு மின்சாரத்தை நிறுத்தலாம். பெட்டிக்குப் பூட்டு. சாவி அவன் சட்டைப் பையில்.

பில் ஒன்றும் குறையவில்லை. வீடுதான் அவன் உள்ளங்கைக்குள் வந்தது.

ஆறரை ஆம்பியர் என்றால் கெட்டில். “ரெண்டு தடவை கெட்டில் ஓடியிருக்கே, யாரு வந்தா?” என்று அன்று மாலையே கேட்டுவிடுவான். நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே என்றால் இஸ்திரிப் பெட்டி. பட்டப்பகலில் துணி தேய்த்து எங்கே கிளம்புகிறாள்? முதலில் அவள் வாதாடிப் பார்த்தாள். பிறகு அழுதாள். பிறகு கசங்கிய துணிக்கே பழகிக்கொண்டாள்.

உள்ளறையில் படுத்திருக்கும் அப்பா அவன் கணக்கில் எழுபத்தைந்து வாட். ஒரு ஃபேன், அவ்வளவுதான்.

இந்த ஒன்றரை யாருடையது?

இருநூற்று முப்பது வோல்ட். ஒன்றரையால் பெருக்கினால் முந்நூற்று நாற்பத்தைந்து வாட். வகுத்தால் நூற்று ஐம்பத்து மூன்று ஓம். மோட்டாராக இருந்தால் கணக்கு கொஞ்சம் தள்ளும். எப்படித் தள்ளினாலும் அவன் வீட்டில் அப்படி ஒரு பொருளே கிடையாது.

வெளியிலிருந்து வந்திருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

தையல் மிஷினோ? கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்திருப்பான். ஆனால் தையல் மிஷின் என்றால் விட்டு விட்டு ஓடும். இது நிற்கவே இல்லை. சில நொடிக்கொரு தரம் லேசாக ஏறியது, லேசாக இறங்கியது.

போன் அடித்தது. அவள்தான்.

வேலை நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பது அவன் வைத்த சட்டம். துண்டித்தான். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தான். ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. திறக்கவில்லை.

“வீட்டுலேர்ந்தா சார்? எடுத்துப் பேசிடுங்க. ஏதாவது அவசரமா இருக்கும்” என்றார் பக்கத்தில் நின்ற வெல்டர்.

“மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சா இப்படித்தான் முந்திக்கிட்டுக் கதை சொல்ல வருவாங்க. சாயங்காலம் நேர்ல கேட்டுக்கறேன்.”

சொல்லிவிட்டு, திரையிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

2.3 பூஜ்யமானது.

போன் விடாமல் அடித்தது. சத்தத்தைக் குறைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நெஞ்சுக்கு மேல் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து அடங்கியது.

வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். அன்று மதியச் சாப்பாடு அவனுக்கு நன்றாக இறங்கியது.

மாலை தெருவில் திரும்பும்போது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவன் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கணக்குப்படி அப்படித்தான் இருக்க வேண்டும்.

வாசலில் ஏகப்பட்ட செருப்புகள்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ ஒயர் இழுத்திருந்தார்கள். அது தெருவைக் கடந்து, வாசல்படி ஏறி, கூடத்தின் நடுவில் நீளம் போதாமல் கிடந்தது. மெயின் போர்டுப் பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பூட்டைச் சுற்றிச் சுத்தியல் அடித்த காயம். கீழே சுத்தியல். கைப்பிடியில் ரத்தம்.

பூட்டு அசையவில்லை. நல்ல பூட்டாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தான்.

உள்ளறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா படுத்திருந்தார். கட்டிலருகே, முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளை மிஷின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு அவர் மூக்குவரை போயிருந்தது.

மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. அவள் அழவில்லை.

“நீங்க போனதும் மாமாவுக்கு மூச்சு முட்டுச்சு. டாக்டர் வந்து, ஆக்ஸிஜன் மிஷினை வாடகைக்கு எடுத்து வைக்கச் சொன்னாரு. வச்சதும் நல்லாத்தான் இருந்தாரு. என்கிட்ட தண்ணிகூடக் கேட்டாரு. கரண்ட் போனதும் அது கத்த ஆரம்பிச்சுது. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கத்தறதும் நின்னுடுச்சு.”

அவன் கட்டிலை நெருங்கினான்.

“கரண்டைப் போடுங்க” என்றாள். “இன்னும் ஆளுங்க வருவாங்க. புழுங்கும்.”

சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அழுத்தினான்.

விளக்கு எரிந்தது. ஃபேன் சுழன்றது. கட்டிலருகே மிஷின் ஒரு தரம் குலுங்கி, உறுமி, அப்பாவின் மூக்கிலிருந்த குழாய்க்குள் காற்றை ஊத ஆரம்பித்தது.

அதை எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.