சார்ஜருக்கு வந்தவர்

"அந்தப் பெரியவரை நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிடவாம்மா?" என்று மேனேஜர் ஒருநாள் ரிசப்ஷனில் இருந்தவளிடம் கேட்டார்.

"நம்ம ஷோரூம்ல எலக்ட்ரிக் கார் வாங்கினவர்தானே சார்?"

"அதுக்காக? பேட்டரி முக்கால்வாசி இருக்கும்போதே தினமும் வந்து சார்ஜரைப் பிடிச்சுக்கிட்டு, ரிசப்ஷனுக்கு எதிர் நாற்காலியில உட்கார்ந்துக்கிறார். மத்தவங்க காத்துக் கிடக்கிறாங்க. வீட்ல சார்ஜர் இல்லையாமா?"

"இருக்கு சார். மாடிப்படிக்குக் கீழ மாட்டியிருக்கு. அம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"எங்கம்மா சார். அவர் எங்கப்பா. நானா கல்யாணம் பண்ணிக்கிட்டதால என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டார். ஷோரூம் வாசல் கணக்குல வராது போல."

மேனேஜரே எழுந்து அவரிடம் போனார். "சார்ஜரை மத்தவங்களுக்கு விட்டுடுங்க சார். நாற்காலி உங்களுக்குத்தான்."

மறுநாள் அப்பா கார் இல்லாமல் நடந்து வந்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் வைத்த டீயை நிதானமாகக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.