ஜப்பான் கத்தியின் வயது

1911-ஆம் வருடம். தச்சநல்லூர் வாத்தியார் நாறும்பூநாதன் மூன்று நாளாக லாக்கப்பில் இருந்தார். அவர் வீட்டைச் சோதனை போட்டபோது ஒரு ஜப்பான் குத்துவாள் கிடைத்திருந்தது. கொடுத்தது யார் என்று எவ்வளவு கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

ஜப்பானில், கோபே நகரத்துத் துணிக்கடையில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த பாக்கியசீலனை இன்ஸ்பெக்டர் வரவழைத்தார். ஜில்லாவில் ஜப்பான் எழுத்து படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"எந்த ஊரு, எந்தக் காலம்னு பாத்துச் சொல்லும். பழசுன்னா வெறும் அலங்காரப் பொருளு, வாத்தியாரு வீட்டுக்குப் போகலாம். புதுசுன்னா கலகத்துக்குக் கடத்திக் கொண்டாந்த ஆயுதம், ஜெயிலுதான்."

பாக்கியசீலன் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். உள்ளே மறைந்திருந்த இரும்பில் எழுத்து வெட்டியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிசென்னு ஒரு சீமை. அங்கன உள்ள கொல்லன் செஞ்சது. எரநூறு வருசம் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டு வாத்தியாரை விடுவித்தார்.

வாத்தியாரும் பாக்கியசீலனும் ஆற்றுப்பாலம் வரை சேர்ந்து நடந்தார்கள். பிறகு நாறும்பூநாதன் பைய கேட்டார்.

"நெசமா அதுல என்ன வே எழுதியிருந்துது?"

"போன வருசத்துத் தேதி போட்டு, 'கோபேயில, பாக்கியசீலனுக்காகச் செஞ்சது'ன்னு இருந்துது. உமக்குக் குடுக்கும்போது நான் அதைக் கழத்திப் பாக்கல வே."